ஈப்போவில் விசாரிக்கப் போனது

இங்கன யாரும் வாராகளா தம்பி? இல்லையா? அப்ப உக்காந்துக்கிடுறேன்.

அந்தப் பையை மேல வைக்காதீங்க. காலுக்கு நடுவுல வச்சிக்கிடுங்க. மேல வச்ச பை சாத்தூர் தாண்டுனா யாருக்குச் சொந்தம்னு சொல்ல முடியாது. எனக்குத் தெரியும். போக்குவரத்துக் கழகத்துல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன் நான். பேரு உலகநாதன். இந்த ரூட்டுல கண்டக்டர்மாருகிட்ட என் பேரைச் சொல்லிப் பாருங்க, மூஞ்சி மாறும். நீங்க டிக்கெட்டை மடிச்சுச் சட்டைப் பையில வச்சதையும் பாத்துட்டுத்தான் பக்கத்துல உக்காந்தேன். நல்ல பழக்கம்.

முன்னாடி மூணாவது சீட்டுல பச்சைச் சேலை தெரியுதா? அது என் சம்சாரம், சண்முகத்தாய். பக்கத்துல ஜன்னல் ஓரமா இருக்கிறது என் மக கோமதி. மூணு பேர் உக்காருற சீட்டுதான். நடுவுல பையை வச்சிருக்காக. எனக்கு இடம் இல்லாம இல்ல. பொம்பளைங்க வசதியா உக்காரட்டும்னு நான்தான் பின்னால வந்துட்டேன்.

திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போறோம். மலேசியாவுல இருந்து ரெண்டு பேர் வாராங்க. கோமதியைக் கேக்கிற மாப்பிள்ளையோட அப்பா அம்மா. வரவேற்கப் போறோம்னு இவுக சொல்றாக. நான் அப்படிச் சொல்லல. நான் பாக்கப் போறேன். வரவேற்கிறது வேற, பாக்கிறது வேற.

நான் சொல்றதைக் கேட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க. உங்களுக்கு ரெண்டு பக்கமும் வேண்டியவங்க இல்ல. இல்லைல்ல? மலேசியாவுல சொந்தக்காரங்க யாரும்? சரி. கேட்டு வச்சிக்கிடுறது நல்லது.

பையன் பேரு குணாளன். பல் டாக்டரு. சென்னைக்குப் படிக்க வந்திருந்தான், கோமதி அவன் படிச்ச ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாத்தா. பழக்கம். அவளாத்தான் வந்து சொன்னா. அப்பா, நீங்க பாத்துச் சரின்னு சொன்னாத்தான்னு சொன்னா. அதை நான் மறுக்கல, மரியாதையாத்தான் சொன்னா. குடும்பமா ஒரு தடவை அங்க போய் வீடு பாத்துட்டு வந்துருவோம்னு பேச்சு. டிக்கெட்டெல்லாம் பையனே போடுறேன்னான். அங்கதான் எனக்கு முதல்ல இடிச்சுது. எவனாவது சும்மா டிக்கெட் போடுவானா?

நம்ம பக்கம் பொண்ணு குடுக்கிறதுக்கு ஒரு முறை இருக்குல்ல தம்பி. சொல்லிட்டுப் போனா பலகாரம் வைப்பான், சிரிப்பான், வீட்டுக்கு வெள்ளை அடிச்சு வச்சிருப்பான். சொல்லாமப் போகணும். அவன் தெருமுனை டீக்கடையில ஒரு டீ குடிக்கணும். வாடகைக்கு வீடு கிடைக்குமான்னு பேச்சை ஆரம்பிக்கணும். அப்படியே இஸ்திரி போடுறவன்கிட்ட, பால் ஊத்துற பொம்பளைகிட்ட, முடி வெட்டுறவன்கிட்ட வாயைப் பிடுங்கணும். அந்த வீட்டுல ராத்திரி சத்தம் வருமா, பாட்டில் வெளிய கிடக்குமான்னு எல்லாம் வந்துரும். எங்க சொந்தத்துல யாரு வீட்டுல சம்பந்தம் பேசுனாலும் விசாரிக்க என்னைத்தான் அனுப்புவாக. முன்னாடி அனுப்புனாக. நான் விசாரிச்சு நின்னுபோன கல்யாணம் கொஞ்சநஞ்சம் இல்ல. அத்தனை பேரும் தப்பிச்சாங்க.

கோமதிக்கே முன்னால ரெண்டு இடம் வந்துச்சு. ஒரு இடத்துல பையனோட அப்பா வீட்டுக்குள்ள கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. கண் ஆபரேஷனாம். சொல்லத்தான செய்வாங்க. இன்னொருத்தன் நான் கேக்காமலே சம்பளச் சீட்டை எடுத்துக் காட்டுனான். கேக்காம எதுக்குக் காட்டணும்? ரெண்டும் வேண்டாம்னுட்டேன்.

எங்க மூத்தவன் ஓசூர்ல இருக்கான். அவன் கல்யாணத்துக்கு நான் விசாரிக்க வேண்டிய வேலையே வரல. கல்யாணத்தை முடிச்சிட்டுப் போட்டோ அனுப்புனான். லீவு கிடைக்காது அவனுக்கு. பொங்கலுக்குக் கூட கிடைக்க மாட்டேங்குது. கம்பெனி அப்படி.

சரி, விசயத்துக்கு வாரேன். குடும்பமா போறதுக்கு முன்னால நான் தனியாப் போயிரணும்னு முடிவு பண்ணேன். வீட்டுல சொல்லல. மதுரையில பென்சன் சங்கக் கூட்டம், தங்கி வருவேன்னு சொல்லிட்டு, பீரோவுல இருந்த பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு, திருச்சியில போய் ஃபிளைட் ஏறிட்டேன். அங்க இறங்கி ஒரு பஸ் பிடிச்சு ஈப்போன்னு ஒரு ஊரு, அங்கதான் அவங்க வீடு, விடிஞ்சு நல்லா வெயில் ஏறுன நேரத்துக்குப் போய்ச் சேந்தேன்.

ஊரு அமைதின்னா அமைதி, அப்படி ஒரு அமைதி. எனக்கு அதுவே சரியாப் படல. பெரிய ஊரு. அகலமான ரோடு. ரோட்டுல ஆள் இல்ல. கடையெல்லாம் ஷட்டர் போட்டிருக்கு. ரோடு முழுக்கச் சிவப்புக் காகிதமா சிதறிக் கிடக்கு, வெடி வெடிச்ச குப்பை. நம்ம ஊர்ல பந்த் அன்னிக்குக் கூட நாலு பேர் மூலையில நின்னு பேசிக்கிட்டு இருப்பான். இங்க நாய் கூட நிழலை விட்டு எந்திரிக்கல. நான் வாறேன்னு தெரிஞ்சு எல்லாத்தையும் சாத்திட்டானுங்களோன்னு ஒரு நிமிசம் தோணுச்சு. சிரிக்காதீங்க. அந்த வெயில்ல அப்படித்தான் தோணும். பெறகுதான் தெரிஞ்சுது, சீனாக்காரங்க வருசப்பிறப்பாம். ஊரே அடைச்சிட்டு வீட்டுக்குள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்காம்.

டாக்ஸி பிடிக்கல. டாக்ஸிக்காரன் போய்ச் சொல்லிருவான். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நடந்தேன். வெயிலு நம்ம வெயிலு மாதிரி இல்ல தம்பி. நம்ம ஊர்ல வெயிலு சுடும், அவ்வளவுதான். அங்க ஈரத்தோட சுடுது. இட்லிச் சட்டிக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கு. கடைகளுக்கு முன்னால நடக்கிறதுக்குக் கூரை போட்டு விட்டிருக்கான், அது வரைக்கும் பரவால்ல. அந்தக் கூரை முடிஞ்ச பெறகு ஒண்ணும் இல்ல, வெறும் ரோடு.

ஒரு வீட்டு வாசல்ல சிவப்பு விளக்கு தொங்குது. உள்ள இருந்து ஒரு சீனாக்காரக் கிழவி வந்தா. என்னைப் பாத்தா. உள்ள போனா. திரும்பி வந்து ரெண்டு ஆரஞ்சுப் பழத்தை என் கையில திணிச்சிட்டு என்னமோ சொல்லிச் சிரிச்சா. ரெண்டு கையாலயும் குடுத்தா. முன்ன பின்ன தெரியாதவங்க குடுக்கிற தின்பண்டத்தை வாங்கித் தின்னாதீங்கன்னு எத்தனை பஸ்ஸுல நான் நோட்டீஸ் ஒட்டியிருக்கேன். எனக்கா? வாங்குனேன், மரியாதைக்கு. மூலை திரும்புனதும் குப்பைத் தொட்டியில போட்டேன். அப்ப காலையில இருந்து நான் ஒண்ணும் சாப்பிடல. எனக்குச் சுகர் வேற உண்டு.

டீக்கடையைத் தேடுனேன். டீக்கடையே இல்ல. தேடித் தேடி ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை தொறந்திருந்துச்சு. உள்ள போய் ஒரு டீயைச் சொல்லிட்டு, கல்லாவுல இருந்த பையன்கிட்ட, இங்க தர்மலிங்கம்னு ஒருத்தர், மகன் பல் டாக்டரு, தெரியுமான்னு மெதுவா எடுத்தேன். அவன், எனக்கு ராமநாதபுரம்ணே, வந்து ஆறு மாசம்தான் ஆகுது, கடையை விட்டா ரூம், ரூமை விட்டா கடை, எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியாதுன்னான். சமையல்ல இருந்தவனும் அதையே சொன்னான். பரிமாறுனவனும் அதையே சொன்னான். மூணு பேரும் ஒரே பதிலு. நீங்க நம்புவீங்களா? நான் நம்பல.

இஸ்திரி வண்டி கிடையாது. அங்க அந்தத் தொழிலே இல்லையாம். பாலு பாக்கெட்டுல கடையில வாங்குறானுங்க. முடி வெட்டுற கடை சாத்தியிருக்கு. ஒரு குடும்பத்தைப் பத்தி ஒரு சொல்லு வெளிய வராம ஊரையே கட்டி வச்சிருக்கானுங்க. அப்படி ஒரு ஊர்ல எப்படித் தம்பி பொண்ணு குடுக்கிறது?

அட்ரஸ் கையில இருந்துச்சு. புந்தோங்னு ஒரு பக்கம், அங்க ஒரு காலனி. வழி கேட்டுக் கேட்டு நடந்தேன். நடந்தா, கார் வந்து நிக்குது. ஒரு மலாய்க்காரப் பையன் கண்ணாடியை இறக்கி, ஏறச் சொல்லிக் கையைக் காட்டுறான். நான் வேண்டாம்னு தலையை ஆட்டுனேன். கொஞ்ச தூரத்துல இன்னொரு கார், ஒரு புருசன் பொண்டாட்டி, பின்னால குழந்தை. அவங்களும் ஏறச் சொல்றாங்க. அங்க யாரும் நடக்கிறதில்லையாம், அதனால ஒருத்தன் வெயில்ல நடந்தா வண்டி கெட்டுப்போச்சோன்னு நிறுத்துவாங்களாம். இது பெறகு ஒருத்தர் சொன்னது. அந்த நேரத்துல எனக்கு என்ன தோணும்? நம்ம ஊர்ல தெரியாதவனுக்கு எவன் வண்டியை நிறுத்துறான்? நிறுத்துனா ஒரு காரணம் இருக்கும்.

மூணாவதா ஒரு வெள்ளைக் கார். பழைய காரு. ஓட்டுறவன் நம்மாளு. வயசு என் வயசுக்கு ரெண்டு கூடக்குறைய இருக்கும். தலை முழுக்க நரை, மீசையை வழிச்சு எடுத்திருக்கான்.

"ஐயா, எங்க போறீங்க? ஏறுங்க, வெயிலு ரொம்ப" அப்படின்னான்.

நடக்கத்தான் வந்தேன்னு சொல்லி அனுப்பிட்டேன். போனான். ஒரு மூலை திரும்புனேன், அங்க நிக்கிறான். கையில தண்ணி பாட்டிலு. "பசியாறிட்டீங்களாய்யா? தண்ணியாவது குடிங்க. சீல் பிரிக்கல"ங்கிறான். வாங்கித் தலைகீழாப் பிடிச்சு அமுக்கிப் பாத்தேன். ஊசி குத்துன ஓட்டை இருந்தா ஒழுகும். ஒழுகல. ரெண்டு மடக்கு குடிச்சேன். தொண்டை அப்படிக் காஞ்சிருந்துச்சு. அவன் நான் அமுக்குனதைப் பாத்தான். சிரிக்கக் கூட இல்ல. சிரிச்சிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

அப்படியும் நான் ஏறல. அவன் என்ன செஞ்சான்? காரை ஓரமா நிறுத்திப் பூட்டிட்டு, குடையை எடுத்துக்கிட்டு, என்கூட நடக்க ஆரம்பிச்சிட்டான். குடையை என் தலைக்கு மேல பிடிக்கிறான், அவன் வெயில்ல வாரான். எதுக்கு? சொல்லுங்க. சொந்தக் காரை ரோட்டுல போட்டுட்டு, ஊரு பேரு தெரியாதவனுக்குக் குடை பிடிக்கிறவன் நல்லவனாத்தான் இருக்கணுமா?

ஆனா நான் ஒரு கணக்குப் போட்டேன். இவன் உள்ளூர்க்காரன். காலையில இருந்து வாயைத் தொறக்கிற முதல் உள்ளூர்க்காரன். என்னை ஏமாத்த வந்திருந்தாலும் சரி, நமக்கு வேண்டியதை இவன்கிட்ட வாங்கிக்கிடுவோம். என் பேரு சுப்பையா, கட்டட வேலைக்கு ஆள் விடுற காண்ட்ராக்டு, தங்குறதுக்கு வாடகை வீடு பாக்கேன்னு சொன்னேன். "நல்லதுங்க சுப்பையா"ன்னான். அந்த சுப்பையாவைக் கொஞ்சம் நிறுத்திச் சொன்னான். அப்பவே நான் கவனிச்சிருக்கணும்.

ஒரு பஸ் ஸ்டாப் வந்துச்சு. பெரிய தூங்குமூஞ்சி மரம், கீழ சிமெண்டு பெஞ்சு. உக்காந்தோம். பஸ்ஸும் இல்ல, ஆளும் இல்ல. நான் பேச்சை இழுத்தேன். இந்தப் பக்கம் தர்மலிங்கம்னு ஒருத்தரு வீடு இருக்காமே, அவரு வீட்டுப் பக்கத்துல ஒரு வீடு காலியா இருக்குன்னாங்க, அக்கம்பக்கம் நல்லா இருக்கணும் பாருங்க, அவரு எப்படின்னு கேட்டேன்.

அவன் குடையை மடக்கிப் பக்கத்துல வச்சான். "தெரியும். நல்லாத் தெரியும். உங்களுக்கு என்ன தெரியணும்யா?"

"எல்லாம்"னேன்.

தம்பி, உங்களுக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்றேன். வித்தவுட்டுல வந்தவன் பொய் சொல்லும்போது என் முகத்தை நேருக்கு நேரா பாத்துச் சொல்லுவான், இப்பதான் சார் ஏறுனேன்னு. நெசம் சொல்றவன் தலையைத் தொங்கப்போட்டுக் காலைப் பாத்துத்தான் சொல்லுவான். என் சர்வீஸ்ல இது ஒரு தடவை கூடத் தப்புனதில்ல. அந்த ஆளு தன் செருப்பைப் பாத்துக்கிட்டே சொன்னான். அதனால அத்தனையும் நெசம்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

தர்மலிங்கம் ஒரு காலத்துல பெருங்குடிகாரனாம். லாரி ஓட்டுவானாம். சம்பளம் வாங்குன அன்னிக்கு வீட்டுக்கு வர மாட்டானாம். ஒரு தீவாளிக்குக் குடிச்சிட்டு, பொண்டாட்டி வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல, அவளை மோட்டார் சைக்கிள்ல பின்னால உக்கார வச்சு ஓட்டியிருக்கான். விழுந்துட்டாங்க. அவனுக்குச் சிராய்ப்பு. அவளுக்குக் கால் போச்சு. வெட்டி எடுக்கல, ஆனா அன்னியில இருந்து சாஞ்சு சாஞ்சுதான் நடக்கிறாளாம். அவ தாய் வீட்டுக்குப் போயிட்டா. பையன் சின்னப் பையன், அப்பன்கூடப் பேச்சையே விட்டுட்டான். அதுக்குப் பெறகு அந்த ஆளு குடியைத் தொடல. அவளும் திரும்பி வந்தா, பையனும் பேசுனான். ஆனா அவ நடக்கிறதைப் பாக்கும்போதெல்லாம் அவனுக்கு அது மறுபடியும் நடக்குதாம்.

"பையன் தொட மாட்டான்யா. அப்பனைப் பாத்துப் பயந்து வளர்ந்தவன். அவன்கிட்ட நீங்க குறை கண்டுபிடிக்க முடியாது. குறையெல்லாம் அப்பன்கிட்டதான்."

"அப்ப அந்த வீட்டுக்குப் பொண்ணு குடுக்கலாமா?"ன்னு கேட்டுட்டேன்.

வாடகை வீடு பாக்க வந்தவன் கேக்கிற கேள்வியா அது? நாக்கு தவறிருச்சு. அவன் கண்டுக்கிடாத மாதிரி ரோட்டைப் பாத்தான். "அது பொண்ணைப் பெத்தவங்கதான் சொல்லணும். வேற யாரும் சொல்ல முடியாது"ன்னான்.

எந்திரிச்சேன். எந்திரிச்சதும் மரம் சுத்துது. பசி, சுகரு, வெயிலு. அவன் சட்டைப் பையில இருந்து ஒரு மிட்டாயை எடுத்துப் பிரிச்சு என் வாயில போட்டுட்டான். நரைச்ச தலை மனுசன் எதுக்குப் பையில மிட்டாய் வச்சிருக்கணும்? அந்த மயக்கத்துலயும் எனக்கு அதான் ஓடுது. ஆனா முழுங்கிட்டேன். இங்கயே உக்காருங்கன்னு சொல்லிட்டு, அந்த வெயில்ல ஓடுனான், என் வயசு மனுசன், ஓடிப் போய்க் காரைக் கொண்டாந்தான். ஏறிட்டேன். வேற வழியில்ல.

கொஞ்ச தூரத்துல ஒரு வீடு. இறங்கி அவன் இடுப்புல இருந்த சாவியை எடுத்து கேட்டைத் தொறந்தான். நான் வீட்டு நம்பரைப் பாத்தேன். கையில இருந்த அட்ரஸைப் பாத்தேன். உள்ள இருந்து ஒரு அம்மா வந்தாங்க. சாஞ்சு சாஞ்சு வந்தாங்க.

"வாங்கண்ணே. கோமதி விடிஞ்சதுல இருந்து போன் மேல போன். கிடைச்சிட்டீங்கன்னு சொல்லிரட்டுமா?"

பாத்தீங்களா? எங்க வீட்டுக்குள்ளயே ஒற்று. பீரோவைத் தொறந்து பாத்திருக்கா, பாஸ்போர்ட் இல்ல. அப்பா அங்கதான் வந்திருப்பாரு, சொல்ல மாட்டாரு, தனியா நடந்து விசாரிப்பாரு, சுகர் இருக்கு, தேடிப் பாருங்க மாமான்னு சொல்லியிருக்கா. மிட்டாய் கூட அவ சொல்லித்தான். காலையில இருந்து அந்த ஆளு ஊரெல்லாம் காரை ஓட்டி என்னைத் தேடியிருக்கான். வேட்டி கட்டி நடக்கிறவனைப் பாத்ததும் கண்டுபிடிச்சிட்டான்.

நான் எதுக்கு இந்த நாடகம்னு கேட்டேன். கோவமாத்தான் கேட்டேன். உங்களைப் பத்தி நீங்களே யாரோ மாதிரி எதுக்குச் சொன்னீங்கன்னேன்.

அதுக்கு அவரு சொன்னாரு. "சீனப் பெருநாளுங்கய்யா. ஊர்ல கேக்க ஆள் இல்ல. இவ்வளவு தூரம் விசாரிக்க வந்துட்டு விசாரிக்காமப் போனா உங்க மனசு ஆறாது. ஆள் இருந்தாலும் என் முகத்துக்காகப் பாதியைத்தான் சொல்லியிருப்பாங்க. முழுசாத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். நான் இன்னாருன்னு சொல்லிட்டுச் சொன்னா, நீங்க மரியாதைக்குத் தலையாட்டிட்டுப் போயிருவீங்க. அதான்."

அந்த அம்மா சோறு போட்டாங்க. மீன் குழம்பு. எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாம டீ. சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு, அதைச் சொல்றதுக்கு என்ன. வெத்தலை போடும்போது அவரு கேட்டாரு, எங்களுக்குத் தெரிய வேண்டியது உங்க பக்கம் ஏதாவது இருக்காய்யான்னு. மெதுவாத்தான் கேட்டாரு. எங்க வீட்டுல ஒரு குறையும் கிடையாதுன்னு சொன்னேன். அவரு முகத்தை நேருக்கு நேரா பாத்துச் சொன்னேன். அவரு சந்தோசம்யான்னாரு.

ஊருக்கு வந்து, வேண்டாம்னுட்டேன்.

ஏன்னு கேக்கீங்க பாருங்க. தன்னைப் பத்தியே ஒருத்தன் இவ்வளவு சொல்றான்னா, சொல்லாதது எவ்வளவு இருக்கும்? நான் அப்படித்தான் நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கேன். சண்முகத்தாய் அடுப்படிக்குப் போயிட்டா. கோமதி அழுவான்னு பாத்தேன், அழல. செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போனா. விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தா. வந்து என் முன்னால உக்காந்தா.

"அப்பா, நான் நம்ம தெருவுல விசாரிச்சேன். உலகநாதன் வீட்டுல சம்பந்தம் வச்சிக்கிடலாமான்னு."

என்ன பேச்சு இது தம்பி? தெருவுக்கே அவளைத் தெரியும், அவளே போய்க் கேட்டிருக்கா. டீக்கடைக்காரரு சிரிச்சிருக்காரு. பால்காரம்மா இவ கையைப் பிடிச்சுக்கிட்டாங்களாம். இஸ்திரி போடுற சொரிமுத்துதான் சொல்லியிருக்கான். பொண்ணு தங்கம், அம்மா தங்கம், ஆனா அந்த வீட்டுல மனசுவிட்டு ஒருத்தர் சிரிச்சு நான் கேட்டதில்லம்மான்னு. அவனுக்கு என்மேல காந்தல். துணியை எண்ணிக் குடுத்து எண்ணி வாங்குவேன், அதான். வேற ஒண்ணும் இல்ல.

அதை அப்படியே அவ போன் போட்டு தர்மலிங்கத்துக்கிட்டச் சொல்லிட்டா. நீங்க முழுசாச் சொன்னீங்க மாமா, எங்க பக்கமும் நீங்க முழுசாத் தெரிஞ்சிக்கிடணும்னு. ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுனா. எனக்குக் கேக்கணும்னே போட்டா. அந்தப் பக்கம் குணாளன் இருந்தான் போல. நாங்க ரிஜிஸ்டர் பண்ணிக்கிடுறோம்பான்னு அவன் சொன்னது கேட்டுச்சு. தர்மலிங்கம் வேண்டாம்னுட்டாரு.

"அந்த மனுசன் பொண்ணுக்காக அந்த வெயில்ல நடந்தாருடா. குடிச்சிருந்த காலத்துல நான் உனக்காக ஒரு மைல் நடந்திருப்பேனா? அவரு மனசு ஒப்பாம இந்தக் கல்யாணம் வேணாம். இன்னும் என்ன கேக்கணுமோ கேக்கட்டும். நான் போறேன்."

அப்படிச் சொல்லிட்டு, அந்தக் காலை வச்சிக்கிட்டு இருக்கிற அம்மாவையும் கூட்டிக்கிட்டு இன்னிக்கு வாராரு. நான் சரின்னா கல்யாணம். வேண்டாம்னா அடுத்த ஃபிளைட்டுல திரும்பிப் போயிருவாங்களாம், வருத்தம் இல்லையாம். கோமதி நேத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னா. நீங்க வேண்டாம்னா நான் அவரைக் கட்ட மாட்டேன்பா, யாரையும் கட்ட மாட்டேன், உங்க கூடவே இருந்துக்கிடுறேன்னா. உங்க கூடவேன்னு அவ சொன்ன விதத்துல எனக்கு ராத்திரி தூக்கம் வரல தம்பி. அது மிரட்டலா, பாசமா? மகளைப் படிக்க எனக்குத் தெரியல.

மதுரை வந்துருச்சா? இல்ல, திருமங்கலம்தான். இருங்க, இறங்காதீங்க. நீங்க எங்க இறங்கணும்? பரவால்ல, சொல்லாண்டாம்.

நான் ஒரு ஏற்பாடு வச்சிருக்கேன். உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஏர்போர்ட்டுல இவுக ரெண்டு பேரையும் வாசல்ல நிக்க வச்சிட்டு, நான் ஒரு தூணுக்குப் பின்னால போயிருவேன். ஒரு மனுசன் வண்டியை விட்டு இறங்குனதும் கண்ணு முதல்ல எங்க போகுதுன்னு பாத்தா போதும், உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிரும். கோமதி கழுத்துக்குப் போச்சுன்னா, நகையைப் பாக்கிறான். வெளிய நிக்கிற காருக்குப் போச்சுன்னா, வசதியைப் பாக்கிறான். எனக்கு எல்லாத்துக்கும் அர்த்தம் தெரியும்.

ஒண்ணுக்குத்தான் தெரியல. வெளிய வாராரு, இவுக ரெண்டு பேரையும் பாக்காரு, அவுகளை விட்டுட்டு அங்கயும் இங்கயும் திரும்பி, அப்பா எங்கம்மான்னு என்னைத் தேடுனாருன்னா? அன்னிக்கு ஊரெல்லாம் தேடுன மாதிரி?

நான் பஸ்ஸுல ஏறுனா பஸ்ஸே பேச்சை நிறுத்திரும் தம்பி. வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும் அப்படித்தான். இத்தனை வருசத்துல என்னைப் பாத்து ஒளிஞ்சவனைத்தான் எனக்குத் தெரியும். தேடுனவன் யாரும் கிடையாது. அந்த ஆளு தேடுனா, தூணை விட்டு எப்படி வெளிய வாரதுன்னு எனக்குத் தெரியல.